சிறுபொருட் கணினியும் மிகைவேக ஆசையும்

இக்காலத்துக் கல்விக்குக் கணினி இன்றியமையாத கருவியாயிற்று என்பதை எவரும் மறார். அறிவியல் பயில்வோர்க்கே அஃது உரியதென்று கருதிய காலம் ஒன்றிருந்தது. இன்றோ, தமிழிலக்கியம் பயிலும் நம்மனோர்க்கும் அதன் துணை வேண்டியிருக்கின்றது. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், 1970-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தையும் நாடிச் செல்லும் மாணாக்கர், பழைய அச்சு நூல்களின் மின்படிகளைப் படித்துக் குறிப்பெடுத்து ஒப்புநோக்க வேண்டியவராகின்றனர். ஒரு செய்யுளின் இரண்டு பாடங்களைக் கைப்பேசியின் சிறு திரையில் அருகருகே வைத்துப் பார்க்க முயன்றோர், அகன்ற திரையுடைய மேசைக் கணினியின் அருமையை நன்கறிவர்.

ஆதலின், குறைந்த பொருளிற் கணினியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக்கொள்ள விரும்பும் மாணாக்கர் நம்மிடையே பெருகி வருகின்றனர். தரமணி நிலையத்தில் பறக்கும் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிச் சிறிது தொலைவு நடப்பின், ரிச்சித் தெருவும் அதனையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் எதிர்ப்படும். ஒரு கணினிக்கு வேண்டும் உறுப்பனைத்தும் அங்கே கிடைக்கும். பல கடைகள் நெருங்கியிருத்தலின், விலையை ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பும் உண்டு. இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும், இத்தகையோருட் பலரை ஓர் ஆசை பற்றியிருக்கின்றது. மலிவான ப்ராசஸர் ஒன்றை வாங்கி, அதனைச் செய்தோர் விதித்த வேகத்துக்கு மேலாக ஓட்டி, விலையுயர்ந்ததன் பயனைச் சிறு விலையிற் பெற்றுவிடலாம் என்பதே அவ்வாசை. இதனையே ஓவர்கிளாக்கிங் என்பர். ஏழை மாணாக்கனுக்கு இஃது ஒரு காலத்திற் சிக்கனமாயிருந்தது. இன்று வீண்செலவாய் மாறிவிட்டது என்பதே யான் இங்கே நிறுவக் கருதுவது.

முதற்கண் அதன் பழம்பெருமையைக் கூறுவல். ப்ராசஸர் என்னும் உறுப்பு ஒரு துடிப்புக் கடிகாரத்தின் தாளத்துக்கு இசைந்து தொழில் செய்வது. 1998-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் செலரான் 300ஏ என்னும் மலிவான ப்ராசஸரை வெளியிட்டனர். அதற்கு விதித்த வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 30 கோடித் துடிப்பு. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி அவ்வேகத்தை அது பெற்றது. அத்தாளத்தை 100 ஆக மாற்றின மாத்திரத்தில், அதே நாலரை மடங்கு 450 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. வேகம் ஒன்றரை மடங்கு. கூடுதற் செலவோ மிகச் சிறிது. அக்காலத்திற் பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2 வகையோடு பல வேலைகளில் அது தோளொத்து நின்றது. உலகெங்கும் கைப்பொருள் குறைந்த இளைஞர் இதனைக் கொண்டாடியது வியப்பன்று.

அந்நிலை ஏன் மாறிற்று? அக்காலத்திற் செய்வோர் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் பெரியதோர் இடைவெளியை விட்டே வேகத்தை விதித்தனர். அவ்விடைவெளியே வாங்குவோர்க்கு வாய்த்த புதையல். இக்காலத்து ப்ராசஸரோ, தன் வெப்பத்தையும் தனக்கு வரும் மின்னோட்டத்தையும் தானே நொடிதோறும் அளந்து, இயன்ற மட்டும் வேகத்தை ஏற்றிக்கொள்கின்றது. பூஸ்ட் என்று பெட்டியின்மேற் குறிக்கப்படுவது இதுவே. நாம் தோண்ட நினைத்த புதையலைச் செய்தோரே தோண்டியெடுத்து, விலையிற் சேர்த்துவிட்டனர் என்க. எஞ்சியது மிகச் சிறிது.

அச்சிறிதைப் பெறுதற்கும் இன்று கட்டணம் உண்டு. இன்டெல் வகையில் வேகத்தைப் பெருக்கும் உரிமை, பெயரின் இறுதியில் ‘கே’ என்னும் எழுத்துப் பெற்ற ப்ராசஸருக்கும், ‘இசட்’ வரிசை மதர்போர்டுக்குமே பெரும்பாலும் உரியது. இரண்டும் விலை மிக்கன. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டிற் கொணர்ந்த ரைசன் வகையிற் கட்டுப்பாடு குறைவு. ஆயினும் ஏ320, ஏ520, ஏ620 என்னும் மலிவான வகை மதர்போர்டுகளில் ப்ராசஸரின் வேகத்தை ஏற்ற இயலாது. ‘பி’ வரிசை வேண்டும். அதன்மேலும் பெரிய கூலர், வலிய மின்வழங்கி, காற்றோட்டமுள்ள கேபினட் ஆகியன வேண்டும். இவ்வளவுக்கும் செலவிடும் பொருளைத் திரட்டினால், வேகம் ஏற்றாமலே அதனினும் சிறந்த ப்ராசஸரை வாங்கிவிடலாம். கோபுரம் கட்டப் புகுவோன் முன்னர் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவோ என்று நம் ஆண்டவர் வினவிய உவமையை இங்கே நினைத்தல் தகும்.

இனி வெப்பத்தின் கணக்கைக் காண்போம். ப்ராசஸர் தொழில் செய்யுங்காற் செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகும். வேகத்தைப் பத்து விழுக்காடு ஏற்ற விரும்பினால், அது தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் ஏற்ற நேரும். அதுவும் பத்து விழுக்காடு எனக் கொள்வோம். 1.1-இன் வர்க்கம் 1.21, அதனை மீண்டும் 1.1-ஆற் பெருக்க 1.331 வரும். அஃதாவது, பத்து விழுக்காட்டு வேகத்துக்கு ஏறத்தாழ 33 விழுக்காடு மிகுதியான வெப்பத்தை விலையாகத் தருகின்றோம். அப்பத்து விழுக்காட்டை ஒரு கட்டுரையைத் தட்டெழுதும்போதோ, நூலொன்றின் மின்படியைப் புரட்டும்போதோ ஒருவரும் உணரார்.

இவ்வெப்பம் குளிர்நாட்டிற் பொறுக்கத்தக்கதாகலாம். சென்னையின் சித்திரை வைகாசியோ வேறு. வெளியில் 40 டிகிரி செல்சியஸ் எட்டும் நாளில், குளிர்சாதனமில்லா விடுதியறையின் காற்றும் அனலாகவே இருக்கும். விசிறி எத்துணைப் பெரிதாயினும், சுற்றியுள்ள காற்றினுங் குளிர்ச்சியாக ஒரு பொருளை ஆக்க அதனால் இயலாது. ப்ராசஸர் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி எல்லையை எட்டுமாயின், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொருள் கொடுத்து ஏற்றிய வேகம் வெயிற்காலத்தில் இவ்வாறு இறங்கிவிடுமெனின், அதனாற் பெற்ற ஊதியம் யாது?

வெப்பத்தினும் அஞ்சத்தக்கது நிலையின்மை. எல்லை கடந்து ஓடும் ப்ராசஸரும் நினைவகமும் சிற்சில வேளை கணக்கிற் பிழைபடும். கணினி உடனே நின்றுவிடின் தீங்கு சிறிது. நில்லாமல், ஓரெழுத்தையோ ஓரெண்ணையோ பிறழ எழுதிச் சேமித்துவிடின், பல மாதம் தொகுத்த சொல்லடைவு சிதைந்ததை நெடுநாள் கழித்தே அறிவோம். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழையால் பாடங்கள் திரிந்த வரலாற்றைப் பயிலும் நாம், நம் கருவியையே பிழைபடும் எழுத்தாளனாக்குதல் முறையன்று.

மின்னழுத்தம் மிகுதலால் வரும் கேட்டுக்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசஸர்களிற் பல, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிந்து தடுமாறின. 2024-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் திருத்தம் வெளியிட்டதோடு, அவற்றின் வாரண்டியையும் இரண்டாண்டு நீட்டினர். செய்தோர் அளவிலேயே இவ்வாறாயின், நாமே கைவைத்து ஏற்றுதலின் கேடு சொல்ல வேண்டா. அவ்வாறு ஏற்றியதால் விளைந்த பழுதுக்குப் பொதுவாக வாரண்டியும் இல்லை. திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அது வேந்தர்க்கு உரைத்ததாயினும் கணினி பொருத்துவோர்க்கும் ஏற்கும்.

அவ்வாறாயின் பொருளை எங்கே செலவிடுவது? உறுப்புக்கள் தம்முள் ஒத்து நிற்குமாறு செலவிடுக என்பதே விடை. இதற்குத் தரமணியிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டுண்டு. அங்குள்ள கணித அறிவியல் நிறுவனத்தார், இமயத்தின் சிகரமொன்றின் பெயரால் ‘கப்ரு’ என்னும் கணினித் தொகுதியை அமைத்தனர். அதில் 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இரண்டு ஸியான் ப்ராசஸர்கள். சந்தையில் எவரும் வாங்கத்தக்க ப்ராசஸர்களே அவை. அவற்றை விரைவான வலைப்பின்னலால் இணைத்தமையால், அத்தொகுதி 2004-ஆம் ஆண்டில் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் வரிசையில் இடம்பெற்றது. ஒவ்வோர் உறுப்பும் மற்றதன் வேகத்துக்கு ஈடுகொடுத்தலே அங்கே பயன் தந்தது. நம் சிறு கணினிக்கும் இந்நெறியே பொருந்தும்.

முதலிற் கருதவேண்டியது, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்வழங்கி. கேபினட்டோடு இலவசமாய் வருவதை நம்பற்க. 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி எல்லா உறுப்புக்கும் ஊட்டுவது இதுவே. இது கெட்டால் ஏனையவற்றையும் உடன் கெடுத்தல் கூடும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் வீணாகாமையை மட்டுமே காட்டும். பாதுகாப்பு முழுமைக்கும் அது சான்றாகாது. ஆதலின் நல்ல பெயருடைய நிறுவனத்ததையும், வாரண்டி நீண்டதையும் தேர்க. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் பகுதியினர் யு.பி.எஸ். ஒன்றையும் செலவிற் சேர்த்துக்கொள்க.

அடுத்தது சேமிப்பு. பழைய சுழல்தட்டு நீங்கி எஸ்.எஸ்.டி. வந்ததால் உண்டாகும் விரைவு, எந்த ஓவர்கிளாக்கிங்கும் தரவியலாதது. இரண்டாம் கையாய் வாங்கிய பழங்கணினியும் இதனால் இளமை பெறும்.

மூன்றாவது ராம். ஒரே 16 ஜி.பி. துண்டினும் இரண்டு 8 ஜி.பி. துண்டுகள் மேல், இரு வழியாய்த் தரவு ஓடுதலின் விரைவு மிகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் ப்ராசஸரோடு சேர்ந்ததையே நம்புவோர்க்கு இது பெரும்பயன் தரும். செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டமையால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராமின் விலை கடுமையாய் ஏறிற்று. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 மதர்போர்டுகள் டி.டி.ஆர்.5 வகையை மட்டுமே ஏற்கும், முந்தைய ஏ.எம்.4 வகைக்கு டி.டி.ஆர்.4 போதும். நண்பர் ஒருவரிடம் பழைய டி.டி.ஆர்.4 துண்டுகள் இருப்பின், அவற்றைக்கொண்டு ஏ.எம்.4 கணினி ஒன்றைப் பொருத்துதல் சிக்கனமான வழியாகும்.

ப்ராசஸரை இவற்றின் பின்னரே தேர்க. எழுத்துவேலைக்கும் படங்களைப் பார்த்தற்கும், கிராஃபிக்ஸ் உள்ளமைந்த நடுத்தர வகை ஒன்றே போதும். எஞ்சிய பொருளை நல்ல திரைக்குச் செலவிடுக. கண் கெட்டபின் வேகத்தாற் பயனென்ன?

எதிர்வாதம் ஒன்றுண்டு. ஓவர்கிளாக்கிங் வெறும் சிக்கனத்துக்காக அன்று, பொறியின் இயல்பைக் கைதொட்டுக் கற்கும் இன்பத்துக்காக என்பர் சிலர். அவ்வின்பத்தை யான் மறுக்கவில்லை. மின்னழுத்தமும் வெப்பமும் வேகமும் தம்முள் எவ்வாறு பிணைந்துள என்பதை அதனினும் தெளிவாய்க் கற்பிக்கும் பள்ளி அரிது. ஆயின், அப்பயிற்சிக்குப் பிறர் கழித்த பழங்கணினி ஒன்றே தக்கது. ஆய்வுக்கட்டுரை அடங்கிய ஒரே கணினி தகாது. மேலும், கேடின்றிச் செய்யத்தக்க இரண்டு உண்டு. பல ராம் துண்டுகள், பெட்டியிற் குறித்த வேகத்தினும் குறைவாகவே முதலில் ஓடும். மதர்போர்டின் அமைப்பிற் சென்று எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதைத் திறந்தால் குறித்த வேகத்தை அடையும். திறந்தபின் ஓரிரவு சோதனை நிரலை ஓடவிட்டுப் பிழையில்லாமையை உறுதி செய்க. மற்றொன்று, ப்ராசஸரின் மின்னழுத்தத்தைச் சிறிதே குறைத்தல். வேகம் பெரும்பாலும் குன்றாமல் வெப்பம் தணியும். சென்னைவாசிகட்கு ஏற்ற கலை இதுவே. இதற்கும் அச்சோதனை வேண்டும்.

இவ்வளவும் தனியொருவர் கைப்பொருளைப் பற்றியது. எத்துணைச் சிக்கனமாய்ப் பொருத்தினும் ஒரு கணினிக்குரிய பொருள் இல்லாதார் நம் வகுப்பிலேயே பலர். தந்தையின் ஒரு திங்கட் கூலி முழுதும் அதற்குப் போதாத இல்லங்களிலிருந்து அவர்கள் வருகின்றனர். கட்டுரைகளைக் கைப்பேசியிற் பெருவிரலால் எழுதுகின்றனர். அவர்கள் எழுத்திலுள்ள குறை பலவும் அறிவின் குறையன்று, கருவியின் குறையே. மிகைவேக ஆசையிற் சிலர் செலவிடும் கூடுதற் பொருள், இவர்க்குப் பொதுவாய் ஒரு கணினியின் பாதியையேனும் ஈட்டித் தரும்.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டின் சந்தாப் பொருளிலிருந்தும், பழைய மாணாக்கர் தரும் பயன்படு உறுப்புக்களிலிருந்தும், மேற்கூறிய முறையில் இரண்டு கணினிகளைப் பொருத்தித் துறை நூலகத்தில் வைத்தல் வேண்டும். அவற்றை மாலை வேளையிலும் திறந்துவைக்கவேண்டும். இயற்பியல் மாணாக்கர் பொருத்தித் தருவர்; தமிழ் மாணாக்கர் பேணிக் காப்பர். ஒரு துறையின் அறிவு மற்றொரு துறைக்குப் பயன்படுதலே கல்லூரி என்னும் பெயர்க்குப் பொருத்தமாகும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் இச்சிறு பணி நிறைவேறுமென நம்புகின்றேன்.