காலண்டரைப் பார்த்து மருந்தடிக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோட பழக்கடைக்குப் போனேன். சிம்லா ஆப்பிள் குவிச்சு வெச்சிருந்தாங்க. அம்மா ஒவ்வொண்ணா உருட்டிப் பார்த்து, மிளகு சைஸுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் ஒதுக்கிட்டாங்க. "பளபளன்னு இருக்கறதாப் பாத்து எடுடா!" எடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளி என்னன்னு தேடிப் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

ஆப்பிள்ல வர்ற புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் ஸ்கேப்னு ஒரு பூஞ்சை நோய். லேசா இருந்தா தோலைச் சீவிட்டுத் தின்னலாம். ஆனா விவசாயிக்கு அது எமன். ஏ கிரேடு பழம் அடிமாட்டு விலைக்குப் போகும். முத்தினா பழம் வெடிக்கும், மரம் இலையைக் கொட்டும். 1982-83ல் இமாச்சலத் தோட்டங்களைப் புரட்டிப் போட்டது இதுதான். அதனால, "மருந்தே அடிக்காதீங்க"ன்னு ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து உபதேசம் பண்ண நான் வரலை. என் சண்டை காலண்டரோட மட்டும்தான்.

மொட்டு விடும்போது ஒரு தரம், பூ உதிர்ந்ததும் ஒரு தரம், அப்புறம் இத்தனை நாளைக்கு ஒரு தரம். மழை பெஞ்சதா, பூச்சி இருக்கான்னு பார்க்காம அட்டவணைப்படி அடிக்கிறது. காய்ச்சல் இருக்கோ இல்லையோ வாரம் ஒரு ஊசி போடற மாதிரி! இது ஏன் தப்பு?

1. ஸ்கேப்புக்குத் தேதி தெரியாது, ஈரம்தான் தெரியும். உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழிச்சிட்டு, வசந்தகால மழையில் வித்துக்களை விடும். இலை எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் நனைஞ்சா நோய் தொத்தும்னு அமெரிக்காவின் மில்ஸ் 1944லேயே பட்டியல் போட்டுட்டார். 20 டிகிரி வாக்கில் சுமார் 9 மணி நேரம். 6 டிகிரின்னா ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க. மழையில்லாத வாரத்தில் ஸ்கேப்புக்கு அடிக்கிற மருந்து யாருக்காக?

2. பூச்சி பழகிக்கும். வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்கு சான் ஜோஸ் செதில்பூச்சி சாகலைன்னு மெலாண்டர் எழுதினது 1914ல்!

3. நம்ம ஆளையும் சேர்த்துக் கொல்றோம். இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ஆப்பிளைத் துளைக்கிற புழுவை ஒழிக்க டி.டி.டி. அடிச்சாங்க. சிலந்திப் பேன்களைத் தின்னுக்கிட்டிருந்த பூச்சிகளும் செத்துச்சு. பேன் பெருகுச்சு. அதுக்கு இன்னொரு மருந்து!

இப்ப பி.காம். பாஷைக்கு வர்றேன். 1959ல் கலிஃபோர்னியாவில் ஸ்டெர்னும் மூணு பேரும் சொன்ன கணக்கு நம்ம பிரேக் ஈவனுக்குச் சொந்தக்காரன்தான். விடப்போற நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும்னு தெரிஞ்சா அடி, இல்லேன்னா சும்மா இரு. அவ்வளவுதான்.

அந்தச் செலவையும் நாம முழுசா எழுதறதில்லை. ஸ்ப்ரேயர் பிடிக்கிற கூலிக்காரரோட நுரையீரல் எந்த லெட்ஜர்ல வருது? 1940கள் வரைக்கும் அமெரிக்கத் தோட்டங்களில் லெட் ஆர்சனேட் அடிச்சாங்க. அந்த ஈயமும் ஆர்சனிக்கும் வாஷிங்டன் மாநிலத்துப் பழைய தோட்ட மண்ணில் இன்னிக்கும் கிடக்கு. தேய்மானமே இல்லாத சொத்து!

"ஒரு மழையைக் கோட்டை விட்டா வருஷ வருமானமே போச்சு. காலண்டர்தான் சின்ன விவசாயிக்கு இன்ஷூரன்ஸ்"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா கட்டக் கட்ட பிரீமியம் ஏறிக்கிட்டே போற இன்ஷூரன்ஸ் இது. அவருக்குத் தேவை இன்னொரு டின் இல்லை, 'நேத்து மழையில் உங்க பள்ளத்தாக்கில் நோய் தொத்தியிருக்கும்'னு நேரத்துக்குச் சொல்ற ஆள். அதைச் சொல்ல வேண்டியது அரசாங்கம். சொல்லாட்டி மருந்துக் கடைக்காரரே டாக்டர் ஆயிடுவார். அவர் என்னிக்காவது "இந்த வாரம் எதுவும் வேணாம்"னு சொல்வாரா? செலவில்லாத வைத்தியமும் இருக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டி அழிச்சாலே அடுத்த வருஷ வித்து குறையும்.

நாமளும் யோக்கியமில்லை. புள்ளி இருந்தா ஒதுக்கறோம், அப்புறம் "ஆப்பிள்ல எல்லாம் விஷம்"னு புலம்பறோம். அடுத்த ஞாயிறு ரெண்டு புள்ளி ஆப்பிள் வாங்கப்போறேன். அம்மாகிட்ட திட்டு நிச்சயம்.

டிஸ்கி: விஷத்துக்கு 'மருந்து'ன்னு பேர் வெச்சது யாருங்க?