மறைத்தால் பிடிபடாத கிருமி

எச்.ஐ.வி. உள்ளவருக்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. மலத்தைச் சோதித்தால் "கிருமி இல்லை" என்று முடிவு வருகிறது. நோயோ தீரவில்லை. காரணம் என்ன?

கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா என்னும் ஒட்டுண்ணிகள் சாதாரணச் சோதனையில் எளிதில் தப்பிவிடும். காசநோய்க் கிருமியைக் காட்டும் சிவப்புச் சாய முறையைச் சற்று மாற்றிச் செய்தால், மைக்ராஸ்கோப்பில் அவை தெரியும். ஒரு நாள் தப்பினாலும் மறுநாள் சிக்கலாம். ஆகவே 3 நாள் மலத்தைச் சோதிப்பது நல்லது.

எந்தக் கிருமி என்று அறிவது முக்கியம். ஐசோஸ்போரா, விலை மலிவான கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்குக் கேட்கும். கிரிப்டோஸ்போரிடியம் கேட்காது. கூட்டு மருந்தால் எதிர்ப்புச் சக்தி ஏறினால்தான் அது அடங்கும். அம்மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசம்.

வேலை போய்விடும் என்று அஞ்சி, டாக்டரிடமே எச்.ஐ.வி.யை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் சாதாரணச் சோதனையோடு காரியம் நின்றுவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பாகுபாடு காட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சம்மதமின்றி வெளியே சொல்வதையும் தடுக்கிறது. டாக்டரிடம் சொன்னால்தான் சரியான சோதனை நடக்கும்.