யானைகள் நீராட்டும் தேவி யாருக்குச் சொந்தம்?

வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமியைச் செதுக்கி வைப்பது தமிழ்நாட்டில் இன்றும் உள்ள வழக்கம். தாமரைமேல் தேவி, இருபுறமும் இரண்டு யானைகள், துதிக்கையில் தூக்கிய குடங்களிலிருந்து அவள் தலையில் கொட்டும் நீர். மாமல்லபுரம் வராக மண்டபத்தில் பல்லவச் சிற்பிகள் இதே காட்சியை வடித்திருக்கிறார்கள். பார்ப்பவர் எவரும் இதை இந்து சமயச் சிற்பம் என்றே சொல்வார். ஆனால் கல்லில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கஜலட்சுமிகளில் சில பௌத்தத் தூபிகளில்தான் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் பர்ஹுத் தூபியைச் சுற்றி நின்ற கல்வேலியில் அவள் இருக்கிறாள். சாஞ்சியின் தோரண வாயில்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். தாமரை, சக்கரம், பூரண கும்பம், யட்சி என்று அந்தத் தொடக்கக் காலச் சின்னங்களை இது பௌத்தத்துக்கு, அது இந்து சமயத்துக்கு என்று பாகம் பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

பர்ஹுத்தையே எடுத்துக்கொள்வோம். 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டறிந்த அந்தக் கல்வேலியின் பெரும்பகுதி இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தூண்களில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெய்வ உருவங்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே பிராமி எழுத்தில் பெயரும் உண்டு. ஒருவன் குபேர யட்சன். ஒருத்தி சிரிமா தேவதை. கால்களைச் சேர்த்து விறைப்பாக நேரே பார்த்து நிற்கிறாள். இன்னொருத்தி சூலகோகா, யானைமேல் நின்றபடி பூத்த மரத்தின் கிளையை ஒரு கையால் பற்றி, மற்றொரு கையையும் காலையும் அடிமரத்தில் கொடிபோலச் சுற்றியிருக்கிறாள். இவர்கள் புத்தரின் போதனையில் பிறந்தவர்கள் அல்லர். மரத்தடியிலும் குளக்கரையிலும் மக்கள் வழிபட்டுவந்த தெய்வங்கள். மழைக்கும் மகப்பேற்றுக்கும் செல்வத்துக்கும் வேண்டிக்கொள்ளப்பட்டவர்கள். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி 1928இல் யட்சர்களைப் பற்றி எழுதிய நூலில், பிற்கால இந்து, பௌத்த உருவக்கலை இரண்டுக்கும் இந்த வழிபாடே அடிநிலம் என்று விரிவாகக் காட்டினார். அந்த நூலுக்கு உரிய கவனம் நம் பாடநூல்களில் இன்னும் கிடைக்கவில்லை.

விதிசை நகரத்துச் சான்று இதைவிடத் தெளிவானது. சாஞ்சியின் தெற்குத் தோரணத்தில் ஒரு கல்வெட்டு, அந்தச் சிற்ப வேலையைச் செய்தவர்கள் விதிசையின் தந்தச் சிற்பிகள் என்கிறது. அதே விதிசையை ஒட்டிய பேஸ்நகரில், சாஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், ஹெலியோடோரஸ் தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த அந்தக் கிரேக்கன், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வாசுதேவனுக்கு எடுப்பித்த கருடத் தூண் அது. சாஞ்சியில் அசோகனின் சிங்கத் தூண், பேஸ்நகரில் கருடத் தூண். ஒற்றைக் கல்லில் உயர்ந்த தூண், அதன்மேல் போதிகை, உச்சியில் ஒரு விலங்கோ பறவையோ என்ற அமைப்பு ஒன்றேதான். உச்சியில் எது அமர்கிறது என்பதை மட்டும் வழிபாடு தீர்மானித்தது.

அப்படியானால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற கேள்வி உடனே எழும். ரிக்வேதத்தின் பிற்சேர்க்கையான ஸ்ரீசூக்தத்தில் தாமரையும் யானையும் வருகின்றனவே, ஆகவே அவள் இந்துத் தெய்வம்தான் என்பார் ஒருவர். கல்லில் முதலில் வந்தது பௌத்தத்தில்தானே என்பார் மற்றொருவர். இரண்டு வாதங்களும் முழுதாக நிற்பதில்லை. கல்லில் கட்ட முதலில் பெரிய அளவில் பொருள் தந்தவர்கள் பௌத்த சங்கத்தை ஆதரித்த வணிகர்களும் இல்லறத்தாரும் துறவியரும். அவர்கள் பெயர்கள் சாஞ்சியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மரத்திலும் மண்ணிலும் துணியிலும் இருந்தவை அழிந்துபோயின. எஞ்சியதை வைத்து முந்தியவர் யார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தேவி சகர் குல மன்னன் அசிலிசஸின் நாணயத்திலும் இருக்கிறாள். மதுராவில் கங்காளி மேட்டில் கிடைத்த சமண ஆயாகபடங்கள் என்ற வழிபாட்டுக் கற்பலகைகளில் ஸ்வஸ்திகமும் இணைமீனும் இருக்கின்றன. மூன்று சமயங்களும் அரசனின் நாணயச் சாலையும் ஒரே கருவூலத்திலிருந்து எடுத்திருக்கின்றன.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. உருவம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. தூணின்மேல் சக்கரம், கீழே மான்கள் என்றால், அது சாரநாத்தில் புத்தர் செய்த முதல் உபதேசம். அகாதோக்ளிஸ் என்ற கிரேக்க மன்னன் கி.மு. 180 வாக்கில் வெளியிட்ட நாணயத்தில் வாசுதேவன் கையிலும் ஒரு சக்கரம் இருக்கிறது, அது ஆயுதம். இந்த வேறுபாட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன். என் வாதத்துக்கு அதுவே துணை. பொருளைத் தருவது சின்னம் நிற்கும் இடமும் அதை நிறுத்தியவரின் நோக்கமும்தான் என்றால், சின்னத்தை மட்டும் பிய்த்தெடுத்து அதற்கு ஒரு மதத்தின் பெயரை ஒட்டுவது தவறு. பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே சாஞ்சியின் கஜலட்சுமியைப் புத்தரின் தாய் மாயாதேவி என்று விளக்கினார். பௌத்தத் தூபியில் இருப்பதெல்லாம் புத்தர் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்றே நினைக்கிறேன். பர்ஹுத்தில் தேவதைகளின் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கும்போது அந்த வலிந்த விளக்கம் தேவைப்படவில்லை.

இதைச் சமய நல்லிணக்கக் கதையாக நான் சொல்லவில்லை. போட்டி கடுமையாகவே இருந்தது. பௌத்தர்கள் இந்திரனையும் பிரமனையும் புத்தர்முன் கைகூப்ப வைத்தார்கள். வைணவர்கள் பின்னாளில் புத்தரையே திருமாலின் அவதாரமாக்கினார்கள். நம் சம்பந்தர் பதிகம்தோறும் சமணரையும் பௌத்தரையும் சாடியிருக்கிறார். இத்தனை பகைக்கு நடுவிலும் தாமரையையும் கும்பத்தையும் யாரும் கைவிடவில்லை. மக்கள் மனத்தில் அவற்றுக்கு இருந்த பிடிப்பு அப்படிப்பட்டது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிப் பலகைகள் இருக்கின்றன. வாய் நிறையத் தாமரை பொங்கி வழியும் பூரண கும்பத்தை அந்தச் சிற்பிகள் எவ்வளவு ஆசையோடு செதுக்கியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நம் வீட்டுக் கல்யாண வாசலில் வைக்கும் நிறைகுடத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பேசுங்கள். அருங்காட்சியகத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய சிற்பங்களின் விளக்கப் பலகையில் கிடைத்த இடம், காலம், கொடுத்தவர் பெயர், கல்வெட்டு வாசகம் ஆகியவற்றைத் தமிழில் முதலில் எழுதுங்கள். சமயத்தின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.