உயிரும் நினைவும்

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் ஆண் ஹார்மோனால் வளர்கிறது. அதைக் குறைத்தால் நோய் தணியும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபெல் பரிசும் பெற்றார். அச்சிகிச்சையால் பயனடைந்தோர் மிகப் பலர்.

ஆயினும், அமெரிக்காவில் 66 வயதும் அதற்கு மேலும் ஆன 1,54,089 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. ஹார்மோன் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 21.6 பேருக்கும், பெறாதோரில் 15.8 பேருக்கும் பின்னாளில் மறதிநோய் கண்டது. இது தொடர்பை மட்டுமே காட்டும். சிகிச்சையே காரணம் என்று நிலைநாட்டாது.

நோய் பரவியவர்க்கு இச்சிகிச்சையை மறுப்பது தவறாகும். ஆனால், நோய் மெல்ல வளரும் முதியவர்க்கு, நினைவாற்றலைச் சோதித்து, நன்மை தீமைகளை அவருக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கிய பின்னரே ஊசி போடுதல் வேண்டும். ஆயுளை நீட்டும் மருத்துவம், அவ்வாயுளை உணரும் அறிவையும் காக்கக் கடமைப்பட்டது.