கெக்கோ தொட்டிக்கு எந்த பல்பு? சென்னையில் கேள்வியே வேற!

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு லெபர்ட் கெக்கோ ரொம்ப வசதியான செல்லப்பிராணியாகத் தெரியும். குரைக்காது, வாக்கிங் கேட்காது. சாயங்காலம் இருட்டும்போதுதான் சுறுசுறுப்பாகும் என்பதால் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கும் செட் ஆகும். நம்ம வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஏறாது, கண்ணுக்கு இமையும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் இது முழுக்க உங்களையே நம்பி இருக்கிறது: சூடு.

கெக்கோவால் உடல் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. சூடான இடத்தில் வயிற்றை வைத்துப் படுத்தால்தான் தின்ற பூச்சி செரிக்கும். சூடு போதும் என்றால் குளிர்ந்த பக்கம் நகரும். அதனால் தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு குகை அவசியம். இரவில் 20 டிகிரி வரை இறங்கினாலும் ஆரோக்கியமான கெக்கோ தாங்கும்.

சிக்கல் எங்கே? யூடியூபில் நாம் பார்க்கும் வழிகாட்டிகளில் பல குளிர் நாட்டு ஆட்கள் சொல்வது. அவர்கள் அறை 18 டிகிரி. அதை எப்படிச் சூடாக்குவது என்பது அவர்கள் கவலை. நமக்கு மே மாதம் அறையே 34, 35 டிகிரி. தொட்டியில் 'குளிர்ந்த பக்கம்' என்று ஒன்றே இருக்காது. இந்த இனத்தின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலம்தான். ஆனால் அங்கே பகலில் அது பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்?

எனவே முதல் செலவு பல்பு இல்லை, தெர்மோஸ்டாட். ஹீட் மேட்டை நேரடியாக ப்ளக்கில் மாட்டினால் 40 டிகிரியைத் தாண்டிப் போகலாம். கெக்கோ அதன் மேலேயே படுத்திருக்கும், வயிறு வெந்து புண்ணாகும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை சூடான குகைக்குள், தரையோடு ஒட்டி வையுங்கள். உள்ளேயே சூடாகும் 'ஹீட் ராக்' எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பகலுக்கு ஹாலஜன் பல்பு நல்லது. சூரியனைப் போல மேலிருந்து சூடு தரும், உடலுக்குள் ஆழமாக இறங்கும். அதற்கு டிம்மிங் வகை தெர்மோஸ்டாட் வேண்டும். 50 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் அதிகபட்சம் 36 யூனிட். பயப்படும் அளவுக்கு இல்லை (பில்லை ஏற்றப்போவது ஏசி, அதற்கு வருகிறேன்). ஆபீஸ் நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். நீங்கள் ராத்திரி 11 மணிக்கு வந்து லைட் போட்டால் அதற்கு அதுதான் பகல் என்று குழம்பும்.

இரவுக்கு சிவப்பு பல்பு, நீல பல்பு என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். கெக்கோக்களுக்கு மங்கலான வெளிச்சத்திலும் நிறம் தெரியும். ராத்திரி இருட்டாகவே இருக்கட்டும்.

யு.வி.பி. விளக்கு? கட்டாயம் இல்லை, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடரை இரையில் தூவி வளர்க்கலாம். ஆனாலும் குறைந்த அளவு யு.வி.பி. ட்யூப் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அல்பினோ வகைக்குக் கண் கூசும், அதனால் இன்னும் குறைவாக. ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுமே என்றால், கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். பூட்டிய காருக்குள் உட்கார வைப்பது மாதிரி.

இனி மே மாதம். அறை 32 டிகிரியைத் தொட்டாலே ஹீட்டரும் ஹாலஜனும் ஆஃப். தெர்மோஸ்டாட் அதைச் செய்துவிடும், ஆனால் அறையைக் குளிர வைக்க அதனால் முடியாது. மேல்மாடி, மேற்குச் சுவர், பூட்டிய ஃபிளாட், நீங்கள் சிப்காட்டில் மாலை வரை வேலை. இதுதான் கெக்கோவுக்கு உண்மையான ஆபத்து. தொட்டி முழுக்க 35 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே சிக்கல். ஏசியோ, குளிர்ச்சியான கீழ்த்தள அறையோ இல்லாமல் முடியாது. ஈரத்துணி போடுகிறேன் என்று இறங்காதீர்கள். கடற்கரைக் காற்றின் ஈரப்பதமே இதற்கு அதிகம், மூச்சுத்தொற்று வரும்.

கரன்ட் போனால் பயப்பட வேண்டியதும் கோடையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது போல மழைக்காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாவிட்டாலும் கெக்கோ சமாளிக்கும். இரை மட்டும் போடாதீர்கள், சூடில்லாமல் செரிக்காது.

வாங்கும் முன் ஒன்று. பாங்காக்கில் இருந்து பெட்டியில் அடைத்து வரும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. இந்தியக் காடுகளிலும் இதே குடும்பத்துப் பல்லிகள் உண்டு. எங்கே பிறந்தது என்பதற்கு ஆவணம் தராதவரிடம் வாங்காதீர்கள், சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேளுங்கள்.

அப்புறம், தொட்டியை முதலில் காலியாக ஒரு வாரம் ஓட விடுங்கள். ஒட்டும் டயல் மீட்டர் வேண்டாம், டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது மதியம் 2 மணிக்குக் குளிர்ந்த பக்கம் எவ்வளவு காட்டியது என்று தினமும் பாருங்கள். ஏசி இல்லாமல் 33 என்று காட்டினால், அந்த வீட்டுக்கு இந்தக் கோடையில் கெக்கோ வேண்டாம்.