ஏரிக்குள் இறங்கிய ஏர்

பெங்களூரில் நீலசந்திராவை ஒட்டிய சாந்திநகரில் அக்கித்திம்மனஹள்ளி ஹாக்கி அரங்கம். சற்றுத் தள்ளி தொம்மலூர் பக்கம் செல்லகட்டா கோல்ஃப் மைதானம். இரண்டும் ஒரு காலத்தில் ஏரிகள். ஏரிகள் அழிந்த கதை பேசும்போதெல்லாம் முதலில் கூண்டில் ஏற்றப்படுபவர், ஏரிக்குள் நீர் தேங்கும் பரப்பான உள்வாயில் உழுத விவசாயிதான். அவரை அங்கே இறக்கியது எது என்று யாரும் கேட்பதில்லை.

பாகப்பிரிவினையில் துண்டான நிலம் குடும்பத்துக்குப் போதாதபோது, நீர் வற்றிய உள்வாய் கண்ணில் படும். வண்டலும் ஈரமும் தானாகவே கிடைக்கும். ஆனாலும் ஏரி பிழைத்திருந்தது. மதகுக்குக் கீழே ஏரி நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டில் விளைந்தால்தான் ஊருக்குச் சோறு. அதனால் உள்வாய்ப் பயிர் கோடையோடு முடிந்தது.

இந்தக் கணக்கைக் குலைத்ததில் அரசுக்கும் நகரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. 1890களில் ஹெசரகட்டா குழாய்நீர் வந்ததும் பெங்களூருக்குச் சம்பங்கி ஏரி வேண்டாததாயிற்று. அதை நம்பித் தோட்டம் போட்டிருந்த, தமிழ் வேர் கொண்ட திகளர்களின் குரல் எடுபடவில்லை. இன்று அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம்; எஞ்சிய சிறு குளத்தில் கரகத் திருவிழாவின் சடங்கு மட்டும் நடக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கில் பயிரிட்டவருக்குத் தண்டத்தீர்வை விதித்தது. விரட்ட வந்த பி மெமோ என்ற அந்தத் தண்ட அறிவிப்பு, ஆண்டுதோறும் கட்டிய ரசீதாகச் சேர்ந்து, பட்டா கேட்பதற்குச் சான்றானது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது, குட்டநாட்டின் காயலை நெல்வயலாக்கத் திருவிதாங்கூர் அரசே ஊக்கம் தந்தது. பிறகு ஆழ்குழாய்க் கிணறு வந்தது. வசதி படைத்தவர் ஏரியை மறந்தார், தூர்வார ஆளில்லை, மண் மேடிட்ட உள்வாய் நிரந்தர வயலானது.

உள்வாய் உழவர் குற்றமற்றவர் என்பதல்ல. பயிர் மூழ்காதிருக்க மதகைத் திறந்துவிட்டு, கீழ்வயலைக் காயவிட்டவர்களும் உண்டு. ஆனால் உழுத உள்வாயை ஒரு நல்ல பருவமழை மீண்டும் ஏரியாக்கிவிடும். கான்கிரீட் போட்ட உள்வாயை எந்த மழையும் மீட்காது.

தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை ஆக்கிரமிப்பை அகற்ற வழி சொல்கின்றன. அகற்றினால் மட்டும் போதாது. ஏரி நிரம்பினால் தனக்கு லாபம் என்ற நிலை கரையோரக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும்: மதகு நீரில் பங்கு, மீன் குத்தகையில் உரிமை, தூர்வாரும் வேலையில் கூலி. அது இல்லையென்றால் காலியான உள்வாய்க்கு அடுத்து வருபவர் ஏரோடு வரமாட்டார், மனைக்கல்லோடு வருவார்.