வட்டியில் வெட்டும் வருமான வரியும்

அண்மையில் கோமாரியில் ஒரு தாய் தமது வங்கிப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். மத்திய கிழக்கில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பத்து இலட்சம் ரூபா நிலையான வைப்பில் கிடக்கிறது. வட்டி 80,000. அதில் 8,000 ரூபா வரியாகக் கழிக்கப்பட்டிருந்தது. "நான் என்ன முதலாளியா சுவாமி, எனக்கும் வருமான வரியா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக வருமான வரியே கூடாதென்று நாம் முழங்கிவிடக் கூடாது. 2019 இன் இறுதியில் அரசு வரிகளை வெட்டியபோது பலர் கைதட்டினர். வற் 15 வீதத்திலிருந்து 8 ஆகியது. கம்பனி வரி 28 இலிருந்து 24 ஆகியது. வருடம் முப்பது இலட்சம் வரை உழைப்பவருக்குத் தனிநபர் வரியே இல்லை. நமது கரையோரத்தில் யார் அவ்வளவு உழைக்கிறார்? திறைசேரி வற்றியது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் அவ்வருட ஓகஸ்டில் 340 ஆனபோது, கைதட்டாதவர்களின் தோணிகளும் கரையில் கிடந்தன.

பின்னர் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் கம்பனி வரியை 30 வீதமாக்கியது. தனிநபர் வரி 36 வீதம் வரை ஏறியது. உத்தியோகத்தர் வீதிக்கு இறங்கினர். 2025 ஏப்ரலில் விலக்கு வருடம் 18 இலட்சமாக உயர்ந்ததால், மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளக்காரருக்கு 3,500 ரூபா வரி இல்லாமற் போனது. நல்லது. ஆனால் 2024 ஜனவரியில் 18 வீதமாகிய வற் அப்படியே இருக்கிறது. சவர்க்காரக் கட்டிக்கு மீனவரும் முதலாளியும் ஒரே வரிதான் கட்டுகின்றனர். நம் கோபம் அங்கேயல்லவா திரும்ப வேண்டும்!

சம்பளக்காரருக்குச் சலுகை வந்த அதே ஏப்ரலில்தான் வட்டியில் கழிக்கும் வரி 5 இலிருந்து 10 வீதமாகியது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் ஒரு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். அந்தத் தாய்க்கு இதை எவரும் சொல்லவில்லை. கழித்ததைத் திணைக்களத்திடம் திரும்பக் கேட்கவும் வழியுண்டு. கோமாரியிலிருந்து அதற்கு அலைந்தால் பஸ் காசிலேயே பாதி போய்விடும். வைப்பிடும் நாளிலேயே வங்கியாளர் படிவத்தை நீட்டினாலென்ன? வரி பிடிக்க ஏழையைத் தேடிப் போகத் தெரிந்த அரசுக்கு, விலக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரியாதா?

மதிப்பாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாதர் சங்கக் கூட்டங்களில் இப்படிவத்தை ஒன்றாயிருந்து நிரப்புங்கள். அந்தத் தாயின் படிவம் கடந்த வாரம் வங்கிக்குப் போய்விட்டது.